ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

2024ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வு முடிவில் ஈரோடு மாவட்டம் 97.42 சதவீதத் தேர்ச்சி பெற்றது. சிவகங்கையோடு சேர்ந்து மாநிலத்தில் இரண்டாம் இடம். முதலிடம் பக்கத்து மாவட்டமான திருப்பூருக்கு, 97.45 சதவீதம். அடுத்த ஆண்டும் ஈரோடு இரண்டாம் இடத்தை விடவில்லை; தேர்ச்சி 97.98 சதவீதமாக ஏறியது. வழக்கம்போல மாநிலம் முழுக்கப் பெண்களே முந்தினார்கள். 2024இல் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம்.

இதே ஈரோட்டைப் பற்றி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்ன சேதி வேறு. மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதமாக இருந்தபோது ஈரோடு மாவட்டத்தில் 72.58 சதவீதம்தான். பெண்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 65 சதவீதம். மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் பணம் புரட்டும் மாவட்டம், எழுத்தறிவில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களை ஒட்டிக் கடைசி வரிசையில் நின்றது.

இரண்டு கணக்கும் உண்மை. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரு தலைமுறைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகப் பதிவானவர்களில் பெரும்பகுதி, சிறுவயதிலேயே தறிக்கும் காட்டு வேலைக்கும் போன அம்மாக்களும் ஆத்தாக்களும். இன்று தேர்வெழுதுகிறவர்கள் அவர்களுடைய மகள்கள், பேத்திகள். இன்னொரு காரணத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை: தேர்ச்சி விகிதம் தேர்வு எழுத வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது. வழியில் நின்றுபோனவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவர்களைத் தேட வேண்டுமானால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு பெற்றோருக்கும் பயன்படும். நகரத்துப் பெண்கள் பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

மூன்று வகைப் பள்ளி

ஈரோட்டில் பெண்களுக்கென்றே நடக்கும் பள்ளிகள் பல. பன்னீர்செல்வம் பூங்கா அருகே அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 1921இல் பாரதி வந்து பேசிய வாசகசாலை அமைந்த கருங்கல்பாளையத்தில் மாநகராட்சிப் பெண்கள் பள்ளி இருக்கிறது. சி.எஸ்.ஐ. திருச்சபையும் கலைமகள் கல்வி நிலையமும் நடத்தும் பெண்கள் பள்ளிகள் பல தலைமுறைகளைப் படிக்க வைத்திருக்கின்றன.

ஒரு பள்ளியை யார் நடத்துகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளும் தனித்தனியானவை. அரசுப் பள்ளியில் இரண்டுமே அரசு. மாநகராட்சிப் பள்ளியில் கட்டடத்தையும் நிர்வாகத்தையும் உள்ளாட்சி பார்த்துக்கொள்கிறது. உதவிபெறும் பள்ளியில் நிர்வாகம் ஒரு திருச்சபையிடமோ அறக்கட்டளையிடமோ சங்கத்திடமோ இருக்கும். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களுக்கான சம்பளத்தை அரசு கொடுக்கும். 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது.

அமெரிக்காவில் ‘சார்ட்டர் பள்ளி’ என்று ஒரு வகை உண்டு. பொதுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும், கட்டணம் வாங்காத பள்ளி. 1991இல் மின்னசோட்டா மாநிலம்தான் அதற்கு முதலில் சட்டம் இயற்றியது. நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்காகவே இப்படிப்பட்ட பள்ளிகள் தொடங்கப்பட்டன. நம்மூரில் அதற்குக் கிட்டத்தில் வருவது உதவிபெறும் பெண்கள் பள்ளி. இரண்டுக்கும் தலையெழுத்தை எழுதுவது மாணவிகளின் எண்ணிக்கை. அங்கே தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது. இங்கே தலைக்கணக்கைப் பார்த்து ஆசிரியர் பணியிடம் வருகிறது.

ஆகஸ்ட் 1

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு ஜூன் மாதத்தைவிட ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் முக்கியம். அன்றைய நிலவரப்படி எத்தனை பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்பதை வைத்தே பணியாளர் நிர்ணயம் நடக்கும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறிலிருந்து எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் ‘உபரி’ ஆகும். அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் பணிநிரவலில் போக நேரிடும். உதவிபெறும் பள்ளியென்றால், ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்ப அனுமதி கிடைப்பதே எண்ணிக்கையைப் பொறுத்தது.

இதனால்தான் கோடை வெயிலில் ஆசிரியைகள் துண்டறிக்கையோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1ஆம் தேதியே தொடங்கிவிட்டது. தனியார் பள்ளிகள் முந்திக்கொள்வதற்குள் பெற்றோரைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிந்தது.

சேர்ந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தொகுப்பான எமிஸில் ஓர் எண் கிடைக்கிறது. பெயர், பிறந்த தேதி, தாய்மொழி, சமூகம், பெற்றோரின் தொழில், பயிற்று மொழி, முன்பு படித்த பள்ளி என்று எல்லாம் அந்த எண்ணோடு கணினியில் ஏறும். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாலும் எண் மாறாது. ஒரு மாணவி பள்ளி மாறினாளா, படிப்பையே விட்டாளா என்பதைப் பிரித்துச் சொல்ல உதவுவது இந்த எண்தான்.

பிறக்கும் பிள்ளைகள் குறைந்தால்

ஒரு பள்ளியில் சேர்க்கை குறைந்தவுடன் ‘அங்கே பாடம் சரியில்லை’ என்று பேச்சு எழும். கொங்கு நாட்டில் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பிறப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2011இல் ஈரோடு மாவட்டத்தின் மக்கள்தொகை 22,51,744. அதில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 1,95,213 பேர். அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. மாநில அளவில் அது நூற்றுக்குப் பத்துக்கு மேல். சிறு குடும்பம் என்பது கொங்குப் பகுதியில் தமிழ்நாட்டின் பல இடங்களுக்கு முன்பே வேரூன்றியது. ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட விவசாயக் குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

அந்த 1,95,213 பேரில் ஆண் குழந்தைகள் 99,943. பெண் குழந்தைகள் 95,270. ஆயிரம் பையன்களுக்கு 953 பெண்கள். மாநிலச் சராசரியான 943ஐவிட இது மேல்.  அன்று தொட்டிலில் கிடந்தவர்களும் பால்வாடிக்குப் போனவர்களும்தான் 2025இல் பதினான்கிலிருந்து இருபது வயதுக்காரர்கள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கிக் கல்லூரி வரை உட்கார்ந்திருப்பவர்கள். ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி எவ்வளவு நன்றாக நடந்தாலும், பிறக்காத பிள்ளைகளைச் சேர்க்க முடியாது.

பிறப்புக் குறைந்தும் சில பள்ளிகள் நிரம்பி வழிவதற்குக் காரணம் இடப்பெயர்வு. திருப்பூர் ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். சில ஆயிரம் மாணவிகள் படித்த, மாநிலத்திலேயே மிகப் பெரிய பெண்கள் பள்ளிகளில் ஒன்று அது. பனியன் கம்பெனி வேலைக்காக மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்கள், உள்ளூர்க் குடும்பங்களோடு சேர்ந்து அந்த நகரத்தின் பள்ளிகளை நிரப்பின. இப்போது பீகார், ஒடிசா குடும்பங்களும் வந்துவிட்டன. தாய்மொழி என்ற கட்டத்தில் இந்தி, ஒடியா என்று எழுத வேண்டிய நிலை கொங்கு நாட்டுத் தொழில் நகரங்களின் பள்ளிகளுக்குப் புதிதல்ல. தீபாவளி போனஸுக்குப் பிறகு ஊர் மாறும் குடும்பங்களோடு பிள்ளையின் பள்ளியும் மாறும். அப்படிப்பட்ட பள்ளியில் மொத்த எண்ணிக்கை நிலையாகத் தெரியும். உள்ளே இருக்கும் பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

யார் வந்து சேர்கிறார்கள்?

அமெரிக்கப் பள்ளிகளில் எத்தனை பேருக்கு இலவச மதிய உணவுத் தகுதி இருக்கிறது என்பதை வைத்து அந்தப் பள்ளியின் வறுமையை அளப்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் அந்த அளவுகோல் உதவாது. காமராசர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்த திட்டம், வருமானச் சான்று கேட்காமல் தட்டு நீட்டிய பிள்ளைக்குச் சோறு போடுகிறது. 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். அது நமக்குப் பெருமை. ஆகவே, ஒரு பள்ளியின் சமூக நிலையை அறிய இங்கே வேறு கட்டங்களைப் பார்க்க வேண்டும்: பெற்றோரின் தொழில், சமூகம், வீட்டில் முதலில் படிக்கிறவளா என்பது.

ஈரோடு மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 16 சதவீதம். பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு நகரப் பள்ளியில் பட்டியல் சாதி மாணவிகளின் பங்கு இந்த 16ஐவிட வெகு அதிகமாக இருந்தால், வசதி உள்ள மற்றவர்கள் தனியார் பள்ளிக்கு நகர்ந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். வெகு குறைவாக இருந்தால், யாரோ வாசலிலேயே தடுக்கப்படுகிறார்களா என்று கேட்க வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளின் கணக்கு மாவட்டச் சராசரியில் மறைந்துபோகும். தாளவாடி, பர்கூர் மலைகளில் ஊராளி, சோளகர் வீட்டுப் பெண்களுக்குப் பள்ளி என்பதே தூரத்தையும் விடுதியையும் பொறுத்த விஷயம். சமவெளி நகரத்தின் எண்ணை வைத்து அவர்களின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு பாகுபாடு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மகனைக் கட்டணம் கட்டி ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் ‘ஏசர்’ ஆய்வறிக்கைகள் நாடு முழுவதும் கண்ட போக்கு இது. அரசுப் பெண்கள் பள்ளி நிறைந்திருப்பதில் பெற்றோரின் நம்பிக்கைக்கு எவ்வளவு பங்கு, மகளுக்குச் செலவு செய்யத் தயங்கும் மனசுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பதிவேடு மட்டும் சொல்லாது. அண்ணன் தம்பி எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடும்.

ஆறாம் வகுப்பு என்னும் வாசல்

சில திட்டங்கள் சேர்க்கையின் திசையையே மாற்றியிருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் அதே வாசலைத்தான் காட்டுகிறது: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2024 டிசம்பர் 30 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது கிடைக்கிறது.

இந்தத் திட்டத்தின் பின்னணி கொங்குப் பகுதிக்கு நன்றாகப் புரியும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்கு உதவித்தொகை கொடுத்துவந்த திட்டம்தான் உயர்கல்வித் திட்டமாக உருமாறியது. இதே மண்ணில் நூல் மில்கள் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை மூன்று ஆண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாக வாக்கு. பத்தாவதோடு நின்ற எத்தனையோ மகள்களின் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து மில் விடுதிக்கு இப்படித்தான் இடம் மாறியது. கல்யாணத்துக்குப் பணம் என்ற வாக்குறுதியின் இடத்தில் கல்லூரிக்குப் பணம் என்ற வாக்குறுதி வந்திருப்பது பெரிய திருப்பம்.

1929இல் செங்கல்பட்டிலும் 1930 மே மாதம் ஈரோட்டிலும் கூடிய சுயமரியாதை மாநாடுகள் பெண்ணின் உரிமைக்காகக் குரல் கொடுத்தன. அப்படி மாநாடு கூடிய ஈரோட்டில் ஒரு பெண் படிப்பை விட்டு வேலைக்குப் போனால் அதைச் சாதாரணச் செய்தியாக விட்டுவிடக் கூடாது.

ஒரு செட்டைப் பின்தொடருங்கள்

பள்ளியின் எண்ணிக்கையைப் படிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மாணவிகள் ‘எங்க செட்’ என்று சொல்கிறார்களே, அந்தச் செட்டைப் பின்தொடர்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 120 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அவர்களில் 105 பேர் எழுதினார்கள். 103 பேர் தேறினார்கள். பள்ளி வாசலில் 98 சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டலாம். அதில் பொய் இல்லை. ஆனால் சேர்ந்த 120 பேரை அடியில் வைத்தால் விகிதம் 86க்கு இறங்கும். அந்த 15 பேர் எங்கே? வேறு பள்ளிக்குப் போயிருந்தால் எமிஸ் எண் காட்டிக்கொடுக்கும். எந்தப் பள்ளியிலும் அந்த எண் இல்லையென்றால், அவள் சாயப்பட்டறையிலோ தறிப்பட்டறையிலோ தாலி கட்டிக்கொண்டோ இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 நிறைவதற்குள் திருமணம் ஆனவர்கள் என்பது ஐந்தாவது குடும்பநல ஆய்வின் கணக்கு.

கவனமாகப் பார்க்க வேண்டிய படிகள் இரண்டு. முதலாவது, எட்டாம் வகுப்பு முடியும் இடம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் பாதுகாப்பு ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைதான். பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவமும், ‘இனி எதுக்குங்க படிப்பு’ என்ற பேச்சு வீட்டில் எழும் பருவமும் அதை ஒட்டியே வருகின்றன. கழிப்பறையும் தண்ணீரும் சரியாக இல்லாத பள்ளியில் வருகைப் பதிவேட்டில் முதலில் ஓட்டை விழுவது இங்கேதான். அரசு புது யுகம் திட்டத்தில் சானிட்டரி நாப்கின் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாவது, பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையிலான படி. நகரத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்பு திடீரென்று பெருகும். சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்கள் இலவச பஸ் பாஸோடு நகரத்துக்கு வந்து சேர்வார்கள். பதினொன்றாம் வகுப்பின் மொத்தம் பத்தாம் வகுப்பைவிட அதிகமாக இருப்பதைக் கண்டு யாரும் நிற்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாக வந்தவர்களைக் கழித்துவிட்டு, பழைய செட்டில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று எண்ண வேண்டும். அரசு பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுப்பதன் அருமை இந்தப் படியில் நின்று பார்த்தால் புரியும்.

அந்தப் படியைத் தாண்டிவிட்டால் மேலே வழி விரிகிறது. உயர்கல்விக்குப் போவோரின் மொத்த விகிதம் 2021–22இல் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. அதில் பெண்கள் ஆண்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை.

இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கட்டாயக் கல்விச் சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதோடு நிற்காதீர்கள். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் செட், ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் டி.சி. வாங்கிப் போனார்கள், எத்தனை பேர் எதுவும் வாங்காமல் நின்றார்கள் என்று கேளுங்கள். நின்றவர்களின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம். அது அந்தப் பிள்ளைகளின் மானம். எண்ணிக்கை போதும். பிறகு ஆசிரியையோடு இரண்டு தாய்மார்கள் அந்த வீடுகளுக்குப் போய் வாருங்கள். ஜூன் வரை காத்திருக்க வேண்டாம்.